முதுகை மட்டும் வரைந்தவள்

கோவில்பட்டியில் ஒருவர் பெரிய மனிதராகிவிட்டாரா இல்லையா என்பது முதலில் பிளெக்ஸ் கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றாக வேண்டும். கறுத்தவர் வெளுக்க வேண்டும், வழுக்கையில் முடி முளைக்க வேண்டும், தொப்பை இருந்த இடம் தெரியாமல் போக வேண்டும். யார் படம் யாருக்கு மேலே வருவது என்று அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட கதையெல்லாம் உண்டு. இத்தனை அலங்காரத்தையும் செய்துகொடுப்பது கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண். பிச்சை முகம்மதுவின் கடையில் அந்தப் பெண்ணின் பெயர் ஜெயப்பிரியா.

அவளுடைய அம்மா செண்பகவல்லி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள். அப்பா மணியாச்சிப் பக்கம் ரயில்வே காண்ட்ராக்ட் வேலை பார்த்து வாரத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் கணக்கு வாத்தியாரைக் கரும்பலகையில் வரைந்து வைத்தாள். மூக்கு பலகையின் இந்த முனையில் தொடங்கி அந்த முனையில் முடிந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. வாத்தியார் வந்து "எவ வேலைட்டி இது?" என்று பிரம்பை ஓங்கியபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஜெயப்பிரியாவும்தான் திறக்கவில்லை. ஒரு முகத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஊர் கூடும், பேரைச் சொல்லாதவரை அடி விழாது என்ற இரண்டு பாடமும் அன்றைக்கே மனதில் ஏறிவிட்டன.

கல்லூரி முடித்து பிளெக்ஸ் கடையில் சேர்ந்த பிறகு, பகலெல்லாம் வெள்ளைச் சட்டைக்காரர்களை அழகாக்கிக் கொடுத்த வெறுப்போ என்னவோ, சாப்பாட்டு வேளையில் அவர்களையே அலங்கோலமாக வரைய ஆரம்பித்தாள். இன்ஸ்டாகிராமில் 'உடைமுள்' என்று, கரிசல்காட்டு உடைமரத்து முள்ளின் பெயரில் ஒரு பக்கம். நடத்துவது யாரென்று யாருக்கும் தெரியாது. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினால், அதில் தூண்டில் போட்டபடி நான்கு கரைவேட்டிகள். புதிதாக நட்ட குடிதண்ணீர்க் குழாயில் சிலந்தி வலை, அதற்குத் திறப்புவிழா நடத்தக் கத்தரிக்கோலோடு ஒரு கூட்டம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். அரசியல் என்றாலே அப்பாமார் டீக்கடைப் பேச்சு என்று ஒதுங்கிப் போன கல்லூரிப் பிள்ளைகள் அவள் படத்துக்குக் கீழே மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள். தூங்குகிற பையனின் விரலைப் பிடித்து இன்னொருவன் ஓட்டுப் போடுவது போல ஒரு படம் வரைந்தாள். அடுத்து நடந்த வாக்காளர் சேர்ப்பு முகாமில் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்து அவளுக்கே அனுப்பினார்கள். அதைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து அழுதாள். பிளெக்ஸ் அடிக்கிற கைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று இருந்தது அவளுக்கு.

அந்தப் பெருமையைக் குறை சொல்ல முடியாது. மேடை போட்டு மைக் பிடிப்பதற்கு ஆயிரம் பேரைக் கேட்க வேண்டும். கேலிப்படம் கவட்டைவில் மாதிரி, கையில் இருந்தால் அடிக்கலாம். ஆனால் கவட்டைவில் வைத்திருக்கிறவன் பறந்துபோகிற பருந்தைக் குறிவைக்கிறானா, கூட்டில் இருக்கிற குஞ்சைக் குறிவைக்கிறானா என்று ஒன்று இருக்கிறதே.

பக்கத்துக் கிராமமான பருத்தியூரணியின் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அந்த ஊர்க் கருத்தையா தன் மனைவி வெள்ளைத்தாயை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். ஓட்டு அவளுக்கு, நாற்காலி அவருக்கு. ஊரில் எல்லோரும் அவரைத்தான் 'தலைவர்' என்றார்கள். பதவிப் பிரமாணம் எடுத்தவளுக்குப் பெயர் 'தலைவர் சம்சாரம்'. இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்று கேட்டால், வெட்கங்கெட்டு ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வெற்றி விழா பேனருக்குப் படம் எடுக்க இருவரும் கடைக்கு வந்தார்கள். கருத்தையா போனில் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். உள்ளே நீலத்துணிக்கு முன்னால் வெள்ளைத்தாய் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையை எடுங்கக்கா. கொஞ்சம் சிரிங்க."

"வேண்டாம் தாயி. எம்பல்லு எடுப்பு. சின்னப்பிள்ளைலருந்து கேலிதான்."

"இங்கன நான் ஒருத்திதானக்கா இருக்கேன். எனக்காகச் சிரிங்க."

வெள்ளைத்தாய் வாசலை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இறக்கிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். மேல்வரிசை முன்னால் வந்திருந்தது. இடது பக்கம் ஒரு பல் இன்னொன்றின் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் முகமே திறந்துகொண்டது. ஜெயப்பிரியாவுக்குப் பிடித்துப்போய் ஒன்றுக்கு இரண்டாக எடுத்தாள்.

கருத்தையா உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "என்னத்துக்கு இப்படிப் பல்லைக் காட்டுதா? வாயை மூடி விடு புள்ள."

அந்தக் கடையில் அது ஒரு வேலையே இல்லை. ஏதோ ஒரு கல்யாண பேனரில் இருந்த மணப்பெண்ணின் உதடுகளை வெட்டி எடுத்து வெள்ளைத்தாயின் முகத்தில் ஒட்டினாள். அன்றிலிருந்து பருத்தியூரணிக்குப் பிரியும் விலக்கு ரோடு முதல் பள்ளிக்கூடம் வரை வெள்ளைத்தாய் யாரோ ஒருத்தியின் வாயோடு கும்பிட்டு நின்றாள். பதவிக்காலம் முடியப்போகிற வருஷம் வரை ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருஷம்தான் பருத்தியூரணி ஓடைப் புறம்போக்கையும் அதையொட்டிய மேய்ச்சல் நிலத்தையும் ஒரு சோலார் கம்பெனிக்கு விடுவதற்குத் தீர்மானம் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் உடைமுள்ளுக்குச் செய்தி அனுப்பினார்கள். தலைவி வாயே திறப்பதில்லை, எல்லாம் அவர்தான், ஒரு படம் போடுங்கள் என்று கேட்டார்கள்.

ஜெயப்பிரியா முதலில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கருத்தையாவின் முகத்தைத்தான் வரைந்தாள். மீசை, கன்னத்து மரு, பஜ்ஜி மாதிரி மூக்கு எல்லாம் அச்சு அசலாக வந்தது. வந்தபிறகுதான் யோசித்தாள். மனுஷன் வாரம் தவறாமல் கடைக்கு வருகிறவர். கூட நான்கு பேர் இல்லாமல் வரமாட்டார். இவள் வீட்டிலோ பாதி நாள் அம்மாவும் இவளும் மட்டும். அழித்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பின்னந்தலை வழுக்கை. முதுகுதானே, யார் முதுகென்று யார் கேட்கப் போகிறார்கள்?

இப்போது படத்தில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. முகம் இல்லாத கேலிப்படத்துக்கு யார் சிரிப்பார்கள்? மிச்சம் இருந்த ஒரே முகம் வெள்ளைத்தாயுடையது. கம்ப்யூட்டரில் தேடி அந்தப் பழைய படத்தைத் திறந்தாள், வாய் மாற்றாத படத்தை. நாற்காலிக்காரருக்கு டீ கொண்டுவருகிறவளாக, பார்த்துப் பார்த்து வரைந்தாள். பல்லை இழுத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கடைசியில் டீத்தட்டைக் கையில் கொடுக்காமல் பல்லின் மேலேயே வைத்துவிட்டாள். தட்டில் மூன்று டம்ளர், ஆவி பறந்தது. அவளுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சொல்லி வைத்தது சும்மா இல்லை.

உடைமுள்ளில் அதற்கு முன் எந்தப் படமும் அப்படி ஓடியதில்லை. எவனோ ஒரு பையன் அந்த முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸப் ஸ்டிக்கராக்கினான். பரீட்சையில் தேறினால் அந்தப் பல், கிரிக்கெட்டில் ஜெயித்தால் அந்தப் பல், பிறந்தநாள் வாழ்த்துக்கும் அந்தப் பல். அது யாருடைய முகம் என்று தெரியாதவர்கள்கூட அனுப்பினார்கள்.

கருத்தையா கடைக்கு வந்தார். ஜெயப்பிரியா திரையில் இருந்ததைச் சட்டென்று மூடினாள். ஆனால் அவர் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தார். போனை நீட்டி, "பாத்தீரா பாய்? எவனோ ஒருத்தன் வரைஞ்சிருக்கான். நாற்காலில யாரு உக்காந்திருக்கான்னு தாலுகாவுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். அதையே ஸ்டேட்டஸாக வைத்திருந்தார்.

"உங்க வீட்டம்மாவையில்ல கேலி பண்ணியிருக்கான்?" என்றார் பிச்சை முகம்மது.

"அவ கெடக்கா. எம்மூஞ்சி தெரியலியேன்னுதான் எனக்கு வருத்தம்." பிறகு ஜெயப்பிரியா பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, இதைப் பெருசா ஒரு பிரிண்டு எடுத்து லேமினேஷன் போட்டுக் குடு. வீட்டுல மாட்டணும்."

எடுத்துக் கொடுத்தாள். தன் கையாலேயே ஓரம் வெட்டி, சுருக்கம் விழாமல் லேமினேஷன் போட்டுக் கொடுத்தாள். அந்தப் படம் எந்தச் சுவரில் தொங்கும், அதைத் தினமும் யார் பார்ப்பார்கள் என்று யோசனை போகத்தான் செய்தது. போன யோசனையை இழுத்துப் பிடித்து, கிராமசபைக்கு இந்தத் தடவை பிள்ளைகள் வருகிறார்களாம் என்பதில் கட்டிப்போட்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். அக்டோபர் இரண்டாம் தேதி பருத்தியூரணிப் பள்ளிக்கூடத்து வேம்படியில் வழக்கமாக நூறுநாள் வேலைப் பெண்கள்தான் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒரு பட்டாளமே நின்றது. புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கிற பையன்கள் வரை லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஜெயப்பிரியாவுக்கு மார்பு விம்மியது. இது என் படம் கூட்டிய கூட்டம் என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

செயலர் தீர்மானத்தை வாசித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "இதைப் பத்தித் தலைவர் பேசணும். அந்தா உக்காந்திருக்க அவிய இல்ல. நாங்க ஓட்டுப் போட்ட தலைவி பேசணும்."

கைதட்டல் வேப்பமரத்துக் காக்கைகளை விரட்டியது. கருத்தையா திரும்பிப் பார்த்தார். வெள்ளைத்தாய் எழுந்து நின்றாள். மைக்கைப் பிடிக்கக் கை வேண்டியிருந்ததால் முந்தானை வாயைவிட்டு நழுவியது.

"எல்லாரும் வந்திருக்கிய. சந்தோசம். அந்த ஓடைத் தீர்மானத்துல..."

அவ்வளவுதான். பின்வரிசையில் எவனோ சீழ்க்கை அடித்தான். ஒருவன் போனில் ஸ்டிக்கரைப் பெரிதாக்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். இன்னொருவன் அங்கே வைத்திருந்த டீத்தட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தான். சிரிப்பு குபீரென்று கிளம்பி முன்வரிசை வரை பாய்ந்தது. யாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வந்த அதே பிள்ளைகள்தான் படத்தைப் பார்த்த ஞாபகத்தில் சிரித்தார்கள். முதல் நொடியில் ஜெயப்பிரியாவின் உதடும் விரிந்துவிட்டது. அடுத்த நொடி அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

வெள்ளைத்தாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். மைக் கருத்தையா கைக்குப் போனது. சிரிப்பு அடங்குமுன்னே கை தூக்கச் சொன்னார், அவருடைய ஆட்கள் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைகள் வீடியோ எடுத்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளைத்தாய் எங்கே போனாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகிறாள் என்று ஜெயப்பிரியா கேள்விப்பட்டாள். கொரோனா போய் எத்தனையோ நாளாகியும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஜெயப்பிரியா தினமும் நினைத்தாள். தினமும் ஒரு வேலை வந்தது. வராவிட்டால் அவளே ஒன்றை வரவழைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்தாயே வந்தாள். பிச்சை முகம்மது மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். நீலத்துணிக்கு முன்னால் கிடந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"போட்டோவாக்கா?" ஜெயப்பிரியா கேமராவைத் தேடினாள்.

"இல்ல. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்." முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "இந்த இடது பக்கத்துப் பல்லு ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கதை எங்க வீட்டு அவியளே உத்துப் பாத்ததில்ல தாயி. தாலி கட்டுனதுலருந்து அவிய முன்னால நான் வாயைத் தொறந்து சிரிச்சதில்ல. உன் முன்னாலதான் சிரிச்சேன். படத்துல அந்தப் பல்லைப் பாத்த ஒடனேயே தெரிஞ்சுபோச்சு."

ஜெயப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?" என்று எப்படியோ கேட்டுவிட்டாள்.

"அந்தத் தீர்மானத்துல எனக்குச் சம்மதமில்லன்னு. எங்க ஆடு மேயுத எடம் அது. உன் படத்து மேல ஆத்திரந்தான். இருந்தாலும் அதைப் பாத்துட்டு இத்தனை பிள்ளைக வந்திருக்கே, இன்னைக்குச் சொல்லாட்டா என்னைக்குச் சொல்லன்னு எந்திரிச்சேன்." முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவியளுக்கு முதுகு மட்டும் வரைஞ்சிருக்க. பயமா?"

"ஆமாக்கா."

"எனக்கும் பயந்தான். அதுக்காக, பயந்தவ பயந்தவளையா அடிப்பா?"

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வெள்ளைத்தாய் எழுந்தாள். "உம்பேரை நான் யாருட்டயும் சொல்லமாட்டேன். அவியளுக்குத் தெரிஞ்சா உன்னைச் சும்மா விடமாட்டாவ. பொம்பளப்பிள்ள, பாத்து இரு."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஜெயப்பிரியாவைக் கொன்றது. திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு மனசாவது எதிர்த்து நின்றிருக்கும். யாருடைய சிரிப்பைத் திருடி விற்றாளோ அவளே தன்னைக் காப்பாற்றிவிட்டுப் போகிறாள். பிள்ளைகளை நான்தான் அரசியலுக்கு இழுத்து வந்தேன் என்று கொண்ட கர்வமெல்லாம் இப்போது அவளையே குத்தியது. இழுத்து வந்தது உண்மைதான். வந்தவர்களுக்கு யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான். கண்ணாடி பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது.

தெம்பு வர இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு நாற்காலியை முன்பக்கமாகத் திருப்பி வரைந்தாள். மீசை, மரு, பஜ்ஜி மூக்கு. கருத்தையா உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் 'தலைவர் வெள்ளைத்தாய்' என்று பலகை. படத்துக்குக் கீழே, முன்பு போட்ட படம் தவறு, பயத்தில் எளியவளைக் கேலி செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

முந்திய படத்துக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர்கூட இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'காமெடி கம்மியா இருக்கே அட்மின்' என்றான் ஒருவன். 'அட்மின் பொம்பளையா?' என்று வியந்த இன்னொருவன் அவளுடைய போட்டோவைத் தேடிப் பிடித்து நெற்றி மேட்டைப் பற்றி ஏதோ எழுதினான். கருத்தையா கடைக்கு வந்து மேஜையை உதைத்தார். பிச்சை முகம்மது குறுக்கே நின்று, "பிள்ளை மேல கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் வைக்கணும்" என்று சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு அவளிடம், "கொஞ்ச நாளைக்குக் கடைப் பக்கம் வராதம்மா" என்றார். செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தனையும் ஜெயப்பிரியாவுக்கு ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. செய்த பிழைக்குப் பட்டாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று இருந்தது.

அந்த நிம்மதியோடுதான் ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைத்தாயைப் பார்த்தாள். முகக்கவசத்தோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயப்பிரியா ஓடிப்போய் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்து நீட்டினாள்.

"பாத்தீங்களாக்கா? அவிய முகத்தை வரைஞ்சிட்டேன். எம்பேரையும் போட்டுட்டேன்."

வெள்ளைத்தாய் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. "ஊர்ப் பிள்ளைக காட்டுச்சு. அந்தப் பழைய படத்தை அவிய சுவத்துலருந்து கழட்டிட்டாவ. உனக்குத் தைரியந்தான்."

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. இப்பத்தான் மனசு கொஞ்சம் ஆறியிருக்கு."

"ஆறட்டும். சின்னப்பிள்ள, உனக்கு ஆறணும்."

பருத்தியூரணி பஸ் வந்து நின்றது. வெள்ளைத்தாய் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"அவிய முகத்தை வரைஞ்சாச்சு, உம்பேரைப் போட்டாச்சு. எல்லாஞ் சரி தாயி. நான் இனிமே எப்படிச் சிரிக்க?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜெயப்பிரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.